என் வாயால் போன நம்பர்

மூணு தடவை வாசிச்சேன். ஒரு தடவை வாசிச்சிருந்தாக்கூட, சரி, ஏதோ அவசரத்துல வாய் தவறிப்போச்சுன்னு மனசைத் தேத்திக்கிடலாம். மூணு தடவை, கண்ணாடியைச் சேலையில துடைச்சுப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு எண்ணா நிறுத்தி நிதானமா வாசிச்சேன். முடிச்சுட்டு, "வேற ஏதும் வேணுமா தம்பி?"ன்னு வேற கேட்டேன். இப்ப நெனச்சாலும் என் வாயில நானே ரெண்டு போடணும் போல இருக்கு.

நான் பட்டாசுக் கம்பெனியில கேட் வேலை பாக்குறவ. சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டிக்கு அங்கிட்டு, ரோட்டைவிட்டு உள்ள தள்ளி, கருவேலங்காட்டுக்கு நடுவுல இருக்கு எங்க கம்பெனி. வேலைக்கு வர்ற பொம்பளைகளை ஒவ்வொருத்தரா நிப்பாட்டி, இடுப்புல தீப்பெட்டி இருக்கா, கொண்டையில இரும்பு ஊசி இருக்கா, செல்போன் இருக்கான்னு தடவிப் பாத்து உள்ள விடணும். பாக்குறதுக்கு லேசான வேலை. ஆனா நான் ஒருத்தியைச் சரியாப் பாக்காம விட்டா உள்ள நாப்பது உசுரு போயிரும். அந்தப் பயம் எனக்கு எப்பவும் உண்டு.

போனுக்குன்னு ஒரு பெட்டி வச்சிருக்கேன். பிளைவுட்டுல அடிச்சு, நாப்பது அறை வச்சு, அறைக்கு ஒரு நம்பர் எழுதியிருக்கும். உள்ள வெடிமருந்து கெடக்குற எடத்துக்குப் போன் போகக்கூடாது. ஏன்னு எங்க பக்கத்துல யாருக்கும் வெளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. தெருவுக்கு ரெண்டு வீட்டுல போட்டோவுக்கு மாலை தொங்கும். அதனால காலையில எட்டு மணிக்குப் போனை எங்கிட்டக் குடுத்தா சாயங்காலம் சங்கு ஊதின பெறகுதான் திரும்பக் கைக்கு வரும். மத்தியானம் சோத்துக்கு வெளிய வர்றப்ப மட்டும் அரை மணி நேரம் எடுத்துப் பாக்கலாம்.

அணைச்சு வச்சுத்தான் போனை வாங்கணும்னு மேனேஜர் சொல்லியிருந்தாரு. நான் அப்படி வாங்கல. "யக்கா, பள்ளிக்கூடத்துல இருந்து டீச்சர் கூப்பிட்டா என்ன செய்ய?"ன்னு ஒருத்தி. "யக்கா, மாமியா ஆஸ்பத்திரியில கெடக்கு"ன்னு இன்னொருத்தி. மனசு கேக்குமா? பெட்டி இருக்கிறது கேட்டுலதான, மருந்து ரூமுக்கும் இதுக்கும் எம்புட்டோ தூரம், கெடந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். முக்கியமான போன் வந்தா நானே எடுத்துப் பேசி, ஆள் விட்டுச் சொல்லுவேன். எல்லாருக்கும் அது தோதாப் போச்சு.

பெறகு இந்த ஆன்லைன் வந்துச்சு பாருங்க, என் பொழப்பே மாறிப்போச்சு. சீசன் வந்துட்டா எங்க பொம்பளைகளுக்குச் சிவகாசி பஜாருக்குப் போக நேரம் ஏது? ஞாயித்துக்கிழமையும் வேலை. போன்ல அமுக்குனா நைட்டி வருது, குக்கர் வருது, பிள்ளைக்கு ஷூ வருது. வீட்டுல பகல்ல ஆள் இருக்காதுன்னு அம்புட்டுப் பேரும் கம்பெனி கேட்டைத்தான் விலாசமாப் போட்டாளுக. கொண்டு வர்ற ஆளு கேட்டுல பைக்கை நிப்பாட்டிட்டு, "ஓடிபி சொல்லுங்கம்மா"ம்பான். ஆளு உள்ள. போன் என் பெட்டியில. அப்ப நம்பரை யாரு சொல்றது? நாந்தான் சொல்லணும்.

அதுக்காக ஒவ்வொருத்தியும் அவ அவ போன் பூட்டைத் திறக்கிற வழியை எனக்குச் சொல்லிக் குடுத்தாளுக. ஒருத்திக்குக் கோலம் மாதிரி இழுக்கணும். ஒருத்திக்கு மக பொறந்த வருசம். ஒருத்திக்கு வெறும் நாலு ஒண்ணு. நாப்பதும் எனக்கு மனப்பாடம். "ஏபுள்ள, ஒன் புருசனுக்குத் தெரியாத நம்பரெல்லாம் எனக்குத் தெரியும், பாத்து நடந்துக்க"ன்னு கேலி பண்ணுவேன். சோத்து வாளியோட உக்காந்திருக்கிறவளுக வாய்விட்டுச் சிரிப்பாளுக. பெருமையில நான் தரையில நடக்கல, அதைச் சொல்லணும்ல.

இதுல ஒரு விசயம் என்னன்னா, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நம்பர் மட்டும் வாசிப்பேன். மெசேஜுல நம்பருக்கு முன்னாலயும் பின்னாலயும் இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கும். அது என்னன்னு நான் ஒரு நாளும் யார்கிட்டயும் கேட்டதில்ல.

எங்க கம்பெனியில பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற ஒருத்தி இருக்கா. எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சி கெடையாது, அவதான் தங்கச்சி. புருசன் போய்ச் சேர்ந்த பெறகு ஒத்த மகளை ஒத்தையில வளத்தவ. அந்தப் பிள்ளை பன்னெண்டாவதுல நல்ல மார்க் எடுத்து, மதுரையில நர்சிங் காலேஜ்ல எடம் வாங்கிருச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பணம் கட்டணும், கட்டாட்டி எடம் அடுத்த பிள்ளைக்குப் போயிரும்னு காலேஜுல சொல்லியிருந்தாக. இவ கம்மலை வித்து, சீட்டை எடுத்து, எல்லாத்தையும் பேங்குல போட்டு வச்சிருந்தா. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாளுன்னு விரல்ல எண்ணிக்கிட்டுத் திரிஞ்சா.

திங்கக்கிழமை மத்தியானம் சோத்து நேரத்துல போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா. "யக்கா, இதைப் பாருங்களேன், ஆஸ்டலுக்குக் கொண்டு போற பேக்கு. சக்கரம் வச்சது. வெலையைப் பாருங்க." பாத்தேன். ஊதா கலர்ல பெரிய பேக்கு. பஜார்ல அதுக்கு ரெண்டாயிரம் சொல்லுவான். இதுல முந்நூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னு போட்டு, பக்கத்துல ஒரு கடியாரம் குறைஞ்சுக்கிட்டே ஓடுது. அது முடியிறதுக்குள்ள வாங்கணுமாம்.

"மககிட்டக் காட்டிட்டு வாங்குடி"ன்னேன்.

"வேண்டாம்க்கா. அவளுக்குத் தெரியாம வாங்கி வச்சு, கெளம்புற அன்னைக்கு எடுத்து வைக்கணும். அவ மூஞ்சியைப் பாக்கணும்க்கா எனக்கு."

எப்பவும் எங்காளுக பொருளு கைக்கு வந்த பெறகுதான் காசு குடுப்பாளுக. இந்தக் கடையில அது கெடையாது, கார்டுலதான் கட்டணும்னு இருந்துச்சு. அவ ஜாக்கெட்டுக்குள்ள இருந்து பேங்கு கார்டை எடுத்து என் கையில குடுத்தா. எனக்குக் கண்ணாடி இருக்குல்ல. நான் நம்பரை வாசிக்க வாசிக்க அவ அமுக்குனா. பின்னாடி இருக்கிற மூணு நம்பரையும் கேட்டுச்சு, அதையும் வாசிச்சேன். கடைசியில என்னமோ செவப்பா வந்து நின்னுபோச்சு. "சிக்னல் இல்லடி, நாளைக்குப் பாப்போம்"ன்னேன். அவ மூஞ்சி தொங்கிப் போச்சு. பாவம்னு இருந்துச்சு எனக்கு.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பதினொண்ணரை மணி இருக்கும். லோடு ஏத்த லாரி வந்து கேட்டுல நின்னு ஆரன் அடிக்குது. அந்த நேரத்துல அவ போன் அடிச்சுச்சு. எடுத்தேன்.

"அம்மா வணக்கம், நேத்து ஊதா கலர் டிராலி பேக்கு ஆர்டர் போட்டிருந்தீங்கல்ல? மதுரை குடோன்ல இருந்து பேசுறோம்"னான் ஒருத்தன். அம்புட்டு மரியாதை. அவ பேரைச் சொல்றான், கம்பெனி விலாசத்தைச் சொல்றான். "பணம் கட்டுறப்ப நின்னுபோச்சும்மா. ஒரு ஓடிபி வரும், சொன்னீங்கன்னா இன்னைக்கே அனுப்பிருவோம்."

எனக்குச் சந்தோசம் பொங்கிருச்சு. பேக்கு போச்சேன்னு கெடந்தாளே, சாயங்காலம் சொன்னா எப்படிச் சிரிப்பான்னு நெனச்சுக்கிட்டே பூட்டைத் திறந்து வாசிச்சேன். "அது லேட் ஆயிருச்சும்மா, இன்னொண்ணு வரும்"னான். அதையும் வாசிச்சேன். "இது டெலிவரிக்கும்மா"ன்னு மூணாவது. அதையும் வாசிச்சேன். மொத்தம் நாலு நிமிசம்கூட ஆகல. பார்சலைக் கண்ணால பாக்காம நான் அதுவரைக்கும் ஒருத்தருக்கும் நம்பர் சொன்னதில்ல. அன்னைக்கு ஆளும் வரல, பார்சலும் வரல, வெறும் குரலை நம்பிச் சொன்னேன். லாரிக்காரன் "யக்கா, கேட்டைத் திறங்க"ன்னு கத்துனான். போனை அறைக்குள்ள வச்சுட்டு ஓடிப்போய்த் திறந்துவிட்டேன்.

சாயங்காலம் அவகிட்ட, "ஏட்டி, ஒன் பேக்கு வருதுடி"ன்னு சொன்னேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "யக்கா, நீங்க நல்லா இருக்கணும்"னா. அந்தச் சொல்லுதான் இன்னிக்கும் என் காதுல இருந்து போக மாட்டேங்குது.

புதன்கிழமை காலையில ஏழரை மணிக்கே தாயும் மகளும் கேட்டுல நின்னாக. அவ மூஞ்சியில ரத்தமே இல்ல. பிள்ளைதான் பேசுச்சு.

"பெரியம்மா, நேத்துப் பதினொண்ணரை மணிக்கு அம்மா போனை எடுத்தது நீங்களா?"

"ஆமா தாயி. பேக்குக்காரன் பேசினான்."

"நம்பர் கேட்டானா?"

"கேட்டான்."

"சொன்னீகளா?"

"சொன்னேன்."

அந்தப் பிள்ளை கண்ணை மூடிருச்சு. தாய்க்காரி அப்படியே மண்ணுல பொத்துன்னு உக்காந்துட்டா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. "என்னடி, என்ன ஆச்சு, யாருக்காச்சும் மேலுக்கு முடியலையா?"ன்னு கத்துறேன். பிள்ளை போனைத் திறந்து ஒவ்வொரு மெசேஜாத் தமிழ்ல சொல்லுச்சு. மொத நம்பருக்கு இருபத்தஞ்சாயிரம். ரெண்டாவதுக்கு இருபத்தஞ்சாயிரம். மூணாவதுக்குப் பதினெட்டாயிரம். காலேஜுக்குக் கட்ட வச்சிருந்த காசு அம்புட்டும் போயிருச்சு. கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன்.

"நம்பருக்குக் கீழ என்ன எழுதியிருக்கு தெரியுமா பெரியம்மா?"ன்னு கேட்டுச்சு பிள்ளை. கோவமாக்கூடக் கேக்கல. "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க, பேங்குல இருந்து கேட்டாலும் சொல்லாதீங்கன்னு எழுதியிருக்கு. எவ்வளவு பணம் போகப்போகுதுன்னும் அதுலயே எழுதியிருக்கு."

அட பாவி மக்கா! ஒவ்வொரு தடவையும் பேங்குக்காரன் எழுதித்தான் அனுப்பியிருக்கான். நான் இத்தனை நாளா அதுக்கு மேலயும் கீழயும் பாக்காம நடுவுல இருக்கிற நம்பரை மட்டும் பொறுக்கி எடுத்து ஊருக்கெல்லாம் ஓதியிருக்கேன்.

கேட்டை இன்னொருத்திகிட்ட ஒப்படைச்சுட்டு மூணு பேருமாக் கெளம்புனோம். பேங்குல கார்டை முடக்குனாக. "நேத்தே உடனே சொல்லியிருந்தா மறிச்சிருக்கலாம், இப்பப் பணம் நாலு கை மாறிருச்சு"ன்னாக. விருதுநகர்ல சைபர் கிரைம் போலீசுகிட்டப் போகச் சொன்னாக. பஸ்ஸுல போறப்ப பிள்ளை போன்ல அந்த ஆன்லைன் கடையைத் திரும்பத் திறந்து பாத்துச்சு. கடைக்கு விலாசம் இல்ல, பேசுறதுக்கு ஒரு போன் நம்பர் இல்ல. ஆரம்பிச்சு ஒரு மாசம்கூட ஆகலையாம். அதே பேக்கு போட்டோ இன்னொரு நல்ல கடையில ரெண்டாயிரத்து நூறுக்கு இருக்கு. அங்கன இருந்து படத்தை எடுத்து இங்கன ஒட்டியிருக்கான். பேரும் விலாசமும் எப்படித் தெரிஞ்சுச்சுன்னா, நாமளே அமுக்கிக் குடுத்ததுதான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா"ன்னுச்சு பிள்ளை.

தாய்க்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

போலீஸ் ஸ்டேசன்ல ஒரு பொம்பளைப் போலீசுதான் எழுதுனாக. தன்மையானவுகதான். "ஓடிபி சொன்னது யாரும்மா?"ன்னு கேட்டாக. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள தாய்க்காரி சொல்லிட்டா: "நாந்தாம்மா சொன்னேன்."

நான் திகைச்சுப்போய் அவளைப் பாத்தேன். அவ என்னையப் பாக்கல.

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணரை."

"அப்ப எங்க இருந்தீங்க?"

"கம்பெனியில. வேலையில."

போலீசம்மா எழுதுறதை நிப்பாட்டிட்டு நிமுந்து பாத்தாக. "பட்டாசுக் கம்பெனியில, மருந்து அடைக்கிற எடத்துல, கையில போன் வச்சிருந்தீங்களா?"

என்னையக் காப்பாத்துறேன்னு அவ போய் விழுந்த குழி அது. மருந்து ரூமுக்குள்ள போன் கொண்டு போனவன்னு ஒரு பேரு வந்துட்டா எங்க பக்கத்துல எந்தக் கம்பெனியும் அவளைச் சேக்காது. கம்பெனியையே இழுத்துப் பூட்டிருவாக. காசும் போய், வேலையும் போயிரும். அப்பயும் அவ உண்மையைச் சொல்லாம குனிஞ்சுக்கிட்டு நிக்குறா. கூறு கெட்டவளே, எனக்காகவாடி இப்படின்னு அவளை அறையணும் போல இருந்துச்சு, கட்டிப்பிடிச்சு அழணும் போலயும் இருந்துச்சு.

"அம்மா, அவ பொய் சொல்றா. போனு கேட்டுல என் பெட்டியில இருந்துச்சு. எடுத்தது நான், வாசிச்சதும் நான்"னேன்.

"அவங்க போன் பூட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரோடதும் தெரியும்மா. நாப்பது பேரோடதும்."

அந்தம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாக. "நாப்பது வீட்டுச் சாவியை ஒரு பெட்டியில போட்டு ரோட்டோரம் வச்சிருக்கீங்களேம்மா"ன்னாக.

வியாழக்கிழமை மேனேஜர்கிட்ட நானே போய் எல்லாத்தையும் சொன்னேன். சீட்டைக் கிழிச்சுருவாருன்னுதான் போனேன். கத்துனாரு, காது கூசுற மாதிரி கத்துனாரு. கடைசியில, "சீசன் நேரத்துல கேட்டுக்கு நான் எங்க போய் ஆள் தேடுவேன்? போங்க, போய் உக்காருங்க. இனிமே போனை அணைச்சுத்தான் வாங்கணும்"னுட்டாரு. அம்புட்டுதான். எனக்கு ஒண்ணுமே ஆகல. பணத்தைத் தொலைச்சவ நான், எனக்கு ஒரு துரும்புகூடச் சேதமில்ல. அதைத்தான் என்னால தாங்க முடியல.

பெறகு கெடந்து ஓடுனோம். என் செயினை அடகு வச்சேன். மேனேஜர் கொஞ்சம் அட்வான்ஸ் குடுத்தாரு. கூட வேலை பாக்குறவளுக நூறும் எரநூறுமா மடியில இருந்து எடுத்துக் குடுத்தாளுக. எல்லாம் சேத்தும் பாதி தாண்டல. வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளை காலேஜுக்குப் போன் பண்ணி ஒரு வாரம் தவணை கேட்டுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். "சரிங்க சார், சரிங்க சார்"னு நாலு தடவை சொல்லிட்டு வச்சுருச்சு. தவணை கெடையாதாம். அஞ்சு மணி ஆச்சு, எடம் போச்சு.

சனிக்கிழமையே நாப்பது பேரையும் கூப்பிட்டு நிக்க வச்சு, பூட்டை எல்லாம் மாத்துங்கடின்னு கத்துனேன். எவளாச்சும் எங்கிட்டப் புது நம்பரைச் சொன்னா பிச்சுருவேன்னேன். பார்சல்காரன் வந்தா சாயங்காலம் சங்கு ஊதுன பெறகு வரட்டும், இல்லாட்டி வீட்டுக்குப் போகட்டும். போன்ல எவனாச்சும் தேனொழுகப் பேசி நம்பர் கேட்டா, நேர்ல வாலேன்னு சொல்லுங்கடின்னேன். தொண்டை கட்டிப் போச்சு. எல்லாரும் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டாளுக. அவ மட்டும் அன்னைக்கு வேலைக்கு வரல.

திங்கக்கிழமை வந்தா. வரிசையில கடைசியா நின்னா. அவளைத் தடவிப் பாத்து உள்ள விட்டுட்டு நிமுந்தா, அவளுக்குப் பின்னால அந்தப் பிள்ளை நிக்குது. தாயோட பழைய நூல் சேலையைக் கட்டி, மேல ஒரு சட்டையைப் போட்டு, கையில சோத்து வாளி. நான் ஒண்ணும் சொல்லாமலே ரெண்டு கையையும் விரிச்சு நின்னுச்சு.

எனக்குக் கை எழும்பல. "ஏன் தாயி?"ன்னேன்.

உள்ள போனவ திரும்பி நின்னு சொன்னா: "ஒரு வருசந்தான்க்கா. காசு சேத்துட்டா அடுத்த வருசம் அங்கனயே சேந்துருவா."

பிள்ளை, "பாருங்க பெரியம்மா, நேரமாச்சு"ன்னுச்சு.

பாத்தேன். இடுப்பு, கொண்டை, சட்டைப்பை எல்லாம் தடவிப் பாத்தேன். பத்தொம்பது வருசத்துக்கு முன்னாடி நானும் ஒரே ஒரு வருசம்னு சொல்லித்தான் இந்தக் கேட்டுக்குள்ள வந்தேன். அதை அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லல. "போ தாயி"ன்னு உள்ள விட்டேன்.